படி இல்லாத ஒர்க்‌ஷாப்

1

யாழினியின் கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே இந்த வருடத்தின் முதல் பனி. பெயர், வயது, பெற்றோர் வேலை என்று வரிசையாக வந்து ஒரு கேள்வியில் என் கை நின்றுவிட்டது. உங்கள் குடும்பத்துக்கு இருப்பது சொந்த வீடா, வாடகை வீடா?

நாங்கள் சாஸ்கட்டூனுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. கனடாவின் நடுவில், கோதுமை வயல்களுக்கு மத்தியில் இருக்கும் ஊர். குளிர்காலத்தில் எஞ்சின் உறையாமல் இருக்கக் காருக்கு வயர் போட்டு கரண்டில் செருகி வைப்போம் என்று சொன்னால், சாக்கோட்டையில் இருக்கும் என் தம்பி பாண்டி இன்றுவரை நம்புவதில்லை. நாங்கள் இருப்பது ஒரு வீட்டின் பேஸ்மென்டில், தரைக்குக் கீழே இரண்டு அறைகள். ஜன்னல் உண்டு. அதன் வழியாகத் தெருவில் போகிறவர்களின் செருப்பும் கணுக்காலும் தெரியும். செருப்பைப் பார்த்தே யார் போகிறார்கள் என்று சொல்லும் அளவுக்கு நான் தேறிவிட்டேன்.

இத்தனை வருடமும் எந்தப் படிவம் வந்தாலும் யோசிக்காமல் 'வாடகை' என்று போட்டிருக்கிறேன். இந்த முறை முடியவில்லை. போன ஆடியில் காரைக்குடியில் ஒரு வீடு வாங்கினேன். என் பெயரில் வாங்கிய முதல் வீடு. ஆனால் அதில் நான் ஒரு மாதம்கூட முழுசாக இருந்ததில்லை.

"ரெண்டுலயும் டிக் போட்டா கம்ப்யூட்டர் ஒத்துக்காதும்மா" என்றாள் யாழினி. இந்த வாக்கியத்தில் தமிழ் பாதிதான். மீதியை நான் மொழிபெயர்த்து எழுதியிருக்கிறேன். பதினேழு வயதாகிறது. நான் பேசும் தமிழ் அவளுக்கு முழுக்கப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

2

இங்கேயே வாங்கலாம் என்பது என் கணவர் முருகேசனின் கட்சி. அவர் நகரப் பேருந்துப் பணிமனையில் வேலை செய்கிறார். தேவகோட்டைக்காரர். எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டார்.

"வருசத்துல ஒரு மாசம் போற ஊர்ல வீட்ட வாங்கிப் போட்டு என்ன செய்யப் போற? யாரு போயி இருப்பா?"

நியாயமான கேள்வி.  ஆனால் அவரிடம் அதுவரை சொல்லாத ஒரு காரணம் இருந்தது. அன்று சொன்னேன்.

கனடாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின மாதம், அப்பாவின் வீட்டிலும் நிலத்திலும் எனக்கிருந்த பங்கைத் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. விசா வந்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் பிறகு ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும், பையை எந்த அறையில் வைப்பது என்று தம்பி மனைவி சொல்லும்வரை கூடத்திலேயே நிற்கப் பழகிக்கொண்டேன். அவள் நல்லவள். சிறந்த அறையைத்தான் தருவாள். இருந்தாலும் நான் நிற்பேன்.

இதைச் சொன்னதும் முருகேசன் எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். பிறகு, "சரி, உன் சம்பாத்தியம், உன் பேரு. நான் குறுக்க நிக்கல. ஆனா என் கேள்வி அப்படியேதான் இருக்கு" என்றார்.

3

பாண்டிக்குப் போன் செய்து, வீடு பார்க்கச் சொன்னபோது அவனுக்கு வருத்தம்.

"நம்ம வீடு இருக்கைல எதுக்கு அக்கா?"

"அது உன் வீடுடா. நான் கோவத்துல சொல்லல. எனக்கும் ஒண்ணு வேணும்."

 அடுத்த வாரம் ஒரு படம் அனுப்பினான். ரயில்வே நிலையத்துக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெரு. பெரிய தூண்களோ இத்தாலிக் கல்லோ இல்லாத சாதாரண மாடி வீடு. பக்கவாட்டில் தெருவைப் பார்த்தபடி நீளமான ஷெட். அதன் இரும்பு ஷட்டர் துருவேறி, பாதி எழுத்து அழிந்த பலகையோடு இருந்தது. 'ஒர்க்‌ஷாப்' என்பது மட்டும் படிக்க வந்தது.

"வீடு நல்லாருக்கு அக்கா. அந்த ஷெட்டுதான் இடைஞ்சல். லாரி, வேனு ரிப்பேர் பாத்த எடம். பூட்டி ஒம்பது வருசமாகுது. இடிச்சுப்புட்டு ரெண்டு ரூமு எடுத்துக்கலாம்."

சாஸ்கட்டூனில் எல்லா வீட்டோடும் ஒரு கராஜ் உண்டு. அதில் கார் தவிர மற்ற எல்லாம் இருக்கும். மனிதர்கள் அதற்குள் போய் மணிக்கணக்கில் என்ன செய்கிறார்கள் என்று எனக்குப் பல வருடமாக ஆச்சரியம். அதனாலோ என்னவோ, அந்த வீட்டைவிட அந்த ஷட்டரையே அதிகம் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கும்?

ஜூலையில் யாழினியும் நானும் போனோம். முருகேசனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. வீட்டை விற்ற காளியம்மாள் அறுபத்தெட்டு வயதுக்காரர். ஒர்க்‌ஷாப் நடத்திய சண்முகத்தின் மனைவி. கணவர் போன பிறகு தனியாக இருந்தவர், திருப்பூரில் மகளோடு இருக்கப் போகிறார்.

பத்திரம் பதிவதில் சிக்கல் என்னால்தான் வந்தது. பள்ளிச் சான்றிதழில் நான் சு. செல்வி. கனடா பாஸ்போர்ட்டில் அந்தச் 'சு' நீண்டு செல்வி சுப்பையா ஆகிவிட்டது. பான் கார்டில் செல்வி முருகேசன். பத்திர எழுத்தர் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வாங்கப் போறது மூணு பேரா, ஒரு ஆளா?"

"ஒரு ஆளு, மூணு பேரு."

அவர் சிரிக்கவில்லை. மூவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் தயாரானது. அதற்கு இரண்டு நாள். வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்தியர்களுக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் விவசாய நிலம் வாங்க முடியாது, வீடு வாங்கலாம் என்பதற்காக, இது வீடுதான் என்று காட்டும் தாள்களுக்கு இன்னும் மூன்று நாள். ஆறாவது நாள் கைரேகை வைத்தேன். வெளியே வந்ததும் யாழினி தன் மாமாவிடம் தமிழிலேயே அறிவித்தாள்.

"மாமா, வீடு எங்கள வாங்கிடுச்சு."

பாண்டி திருத்த வாய் திறந்து, பிறகு விட்டுவிட்டான்.

4

ஷட்டரைத் திறக்கக் காளியம்மாளே வந்தார். திருப்பூர் போக அவருக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவர் கொண்டுவந்த சாவி பூட்டுக்குள் போய் அங்கேயே முறிந்தது. பாண்டி ஒரு வெல்டிங்காரரை அழைத்துவந்து பூட்டை அறுத்தான். மூன்று பேர் சேர்ந்து தூக்கியும் ஷட்டர் இடுப்பளவுக்குத்தான் ஏறியது. யாழினி யாரையும் கேட்காமல் குனிந்து உள்ளே போய்விட்டாள். அதுவரை அந்தப் பயணத்தில் அவள் போனிலிருந்து தலை தூக்கியதே குறைவு.

"ஏ பிள்ள, அங்குட்டுப் போகாத. குழி கெடக்கு" என்றார் காளியம்மாள்.

குழி என்பது, லாரிக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒர்க்‌ஷாப்புகளில் வெட்டி வைப்பது. ஆள் உயரம். பலகை போட்டு மூடியிருந்தார்கள். பாதிப் பலகை உளுத்திருந்தது. பழைய கிரீஸ் வாடை. கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், ஓட்டை வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கியது.

போன் வெளிச்சத்தைச் சுவரில் அடித்த யாழினி அப்படியே நின்றாள். நானும் நின்றேன். சுவர் முழுக்கச் சிவப்பு பெயின்டில் உருவங்கள். ஸ்பேனர் வடிவம், சுத்தியல் வடிவம், ரம்பம், குறடு, எனக்குப் பெயர் தெரியாத இன்னும் பல. ஒவ்வொன்றின் தலைக்கு மேலேயும் ஓர் ஆணி. ஒரு கருவியும் இல்லை.

"எல்லாத்தையும் பழைய இரும்புக்காரன்ட்ட போட்டுட்டேன்" என்றார் காளியம்மாள். "எடுத்தத எடுத்த எடத்துல மாட்டணும்னு வரைஞ்சு வச்சாரு. எவனும் மாட்ட மாட்டான். அவரும்தான்."

எனக்கு அந்தச் சுவர் புதிதாகத் தோன்றவில்லை. சாஸ்கட்டூனில் நான் வேலை பார்ப்பது ஒரு மருத்துவமனையில், அறுவைக் கருவிகளைக் கழுவி அடுக்கும் பிரிவில். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படம் உண்டு. இந்த இடத்தில் இந்தக் கத்தரி, இந்த இடத்தில் இந்தக் கிடுக்கி. ஒன்று குறைந்தாலும் தட்டு வெளியே போகாது. பதினோரு வருடமாக அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து, வடிவத்தைக் கண்டாலே அதற்குரிய பொருளைக் கண் தேடும். அன்றும் தேடியது. வெறும் வடிவங்கள் மட்டும் இருந்தன.

மூலையில் மட்டும் ஒன்றை விற்காமல் வைத்திருந்தார்கள். சாக்கை விலக்கியதும் மூன்று சக்கரங்கள் தெரிந்தன. சைக்கிள் சக்கரம் இரண்டு, முன்னால் சின்னதாக ஒன்று. கையால் சுற்றி ஓட்டும் வண்டியின் சட்டம். இருக்கை இல்லை, செயின் இல்லை. சட்டத்தில் ஓரிடத்தில் வெட்டி நீட்டி ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் மறுபடி வெட்டி நீட்டியிருந்தது.

"இது யாருக்கு?"

"ஒரு கால் முடியாத பிள்ளைக்கு. அரியக்குடிப் பக்கம். அது அப்பன் இங்க லாரி கொண்டாந்து விடுவாரு. பழைய இரும்புக்காரன் இதையும் கேட்டான். நான் குடுக்கல. அடுத்தவுக பொருளு, வந்து கேட்டா என்ன சொல்றது?"

"வந்து கேட்டாகளா?"

"எங்க வந்தாக. இருவத்தஞ்சு வருசமிருக்கும்."

5

அந்த வண்டிக்கு மேலே சுவரில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தது யாழினி. தமிழ் எழுத்துகளை அவள் ஒவ்வொன்றாகத்தான் கூட்டுவாள்.

"ச... ர... சு. அம்மா, சரசுன்னா ஏதாவது பார்ட்டா?"

கிட்டே போய்ப் பார்த்தேன். 'சரசு' என்று எழுதி, அதன் கீழே மூன்று வரிசையாக எண்கள். உட்கார்ந்தால் உயரம், தோளிலிருந்து கை, இடுப்பு அகலம். முதல் வரிசையை அடித்துவிட்டு இரண்டாவது. அதையும் அடித்துவிட்டு மூன்றாவது. ஒவ்வொரு வரிசையிலும் எண்கள் இரண்டு, மூன்று அங்குலம் கூடியிருந்தன.

யாழினிக்கு உடனே புரிந்துவிட்டது. "இவர் செஞ்சு முடிக்கிறதுக்குள்ள அந்தப் பொண்ணு வளர்ந்துட்டா" என்றாள்.

"அவசர வேலை வந்தா இத ஓரமாத் தள்ளிருவாரு" என்றார் காளியம்மாள். "திரும்ப எடுக்கைல அளவு பத்தாது. சின்னத் தப்பில்ல. நான் எத்தனையோ தடவ சண்ட போட்ருக்கேன்."

அந்தப் பெண் இப்போது எங்கே? யாழினி அதற்குப் பிறகு இரண்டு நாள் வேறு பேச்சே பேசவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அதே அரிப்பு. பாண்டி அரியக்குடியில் ஒரு டீக்கடையில் விசாரித்தான். பத்து நிமிட வேலை. "தையக்கார சரசா? பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவுக. பெருமாள் கோயிலத் தாண்டி மூணாவது தெரு."

சரசுவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவாக இருக்கும். முப்பத்தெட்டு, நாற்பது. வீட்டு முன்புறத்துச் சார்ப்பில் இரண்டு தையல் மெஷின். காலால் மிதிக்காமல் மோட்டாரில் ஓடுவது. ஷெட்டில் கண்டதைச் சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் நெகிழ்ச்சி வரும் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். வரவில்லை.

"அந்த வண்டி இன்னும் கெடக்கா?" என்று கேட்டார். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "மொத தடவ அளக்கைல எனக்கு ஒம்பது வயசு. அப்பா கூட்டிட்டுப் போவாரு. ரெண்டு பேரு தூக்கிப் பிடிப்பாங்க, அவரு டேப்ப வச்சு அளப்பாரு. சுத்தி நிக்கிற லாரிக்காரங்க எல்லாம் பாத்துக்கிட்டு நிப்பாங்க. மூணு தடவ. நாலாவது தடவ வரமாட்டேன்னுட்டேன். அவரு தங்கமான மனுசன், அது வேற. எனக்கு அந்த வண்டி மேல ஆசையே வரல."

யாழினியைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். "உங்க மகளுக்குச் சட்டை தோள்ல ரெண்டு விரக்கடை அதிகமா நிக்குது. இப்ப ஊரையே நான்தான் அளக்குறேன்" என்று அப்போதுதான் சிரித்தார்.

கிளம்பும்போது, "அந்த எடத்த ஒரு தடவ பாக்கலாமா?" என்று கேட்டார்.

6

மறுநாள் காலை பதினொரு மணிக்கு வந்தார். பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாகப் பொருத்திய ஸ்கூட்டர். அதற்குள் வெல்டிங்காரர் ஷட்டரை முழுக்க ஏற்றி வைத்திருந்தார். சரசு தெருவிலிருந்து திரும்பி, நிறுத்தாமல், இறங்காமல், ஷெட்டின் நடுவரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். வண்டியை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

அவர் அளவை எழுதிய சுவரைக் காட்டக் காத்திருந்தாள் யாழினி. அவர் அதை ஒரு நொடிதான் பார்த்தார்.

"இத என்ன செய்யப் போறீக?"

"இடிச்சுட்டு ரெண்டு ரூம் எடுக்கலாம்னு இருக்கோம். லீவுக்கு வந்தா தங்க."

"எத்தன படி வைப்பீக?"

பாண்டிதான் பதில் சொன்னான். "தரைய ரெண்டரை அடி தூக்கணும்னு இன்ஜினியரு சொல்லிட்டாரு. மழைக்குத் தெருத் தண்ணி பூராம் இங்குட்டுத்தான் வரும். நாலு படி வரும்."

 சரசு என்னைப் பார்த்துச் சொன்னார். "எனக்குக் கீழ அஞ்சு பேரு தைக்கிறாங்க. ஆளுக்கொரு வீட்ல ஒக்காந்து தைக்கிறோம். துணி ஒரு எடம், பட்டன் ஒரு எடம். காரைக்குடில ஏழு கடை வாடகைக்குப் பாத்தேன். எல்லாத்துலயும் படி. தூக்கிவிட ஆள் இருக்குன்னு சொல்றாங்க. தெனமும் என்னைய யாரும் தூக்கணும்னு எனக்கு இல்லை. இது லாரி வந்து போன எடம். படி கெடையாது. எனக்கு வாடகைக்குத் தருவீகளா?"

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கென்று ஓர் அறை வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனையும். வாங்கி இரண்டு வாரம் ஆகவில்லை, அதற்குள் வேறு ஒருவர் உரிமையோடு உள்ளே நிற்கிறார் என்று ஒரு சின்ன எரிச்சல்கூட வந்தது.

மாலையில் முருகேசனுக்கு வீடியோவில் எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"உனக்கு ரூம் வேணும்னுதான வாங்குன. மாடில மூணு ரூம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அதுல ஒண்ணுல பைய வச்சியா?"

வைத்திருந்தேன். இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கே, யாரையும் கேட்காமல், தெருவைப் பார்த்த அறையில். அவர் கேட்டபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

மறுநாள் சரசுவிடம் சரி என்றேன். அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. தரையை உயர்த்தாவிட்டால் தண்ணீர் வரும். உயர்த்தினால் சரசு வர முடியாது. சறுக்குப்பாதை போடலாம் என்றால், தெருவே குறுகல், இரண்டரை அடி ஏற அது எதிர்வீட்டு வாசலுக்கே போய்விடும். இன்ஜினியர் இரண்டு கையையும் விரித்தார். குழியை மண் போட்டு மூடும் வேலைக்கு மட்டும் ஆளைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"அத ஏன் மூடணும்?" என்று கேட்டாள் யாழினி.

சாஸ்கட்டூனில் எங்கள் பேஸ்மென்டின் மூலையில், மூடி போட்ட ஒரு குழி உண்டு. அந்த ஊரில் பெரும்பாலான வீடுகளில் இருக்கும். வசந்தத்தில் பனி உருகினால் தண்ணீர் அதில் வந்து சேரும். உடனே உள்ளே இருக்கும் மோட்டார் தானாக ஓடி வெளியே இறைத்துவிடும். சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து என் கட்டிலுக்கு ஓடி வருவாள். அதைத்தான் இப்போது கையை ஆட்டி ஆட்டி மாமாவுக்கு விளக்கினாள். தமிழ் போதாத இடத்தில் தரையில் சாக்பீஸால் வரைந்தாள். ஷட்டருக்கு உள்பக்கம் குறுக்கே ஒரு வாய்க்கால், மேலே இரும்புக் கிராதி. வாய்க்கால் குழியில் போய் விழும். குழிக்குக் கான்கிரீட் மூடி, உள்ளே மோட்டார்.

பாண்டி குனிந்து பார்த்தான். "எறைக்கிற தண்ணிய எங்குட்டு விடுறது?"

அது யாழினிக்குத் தெரியவில்லை. அவனே பதிலும் சொன்னான். "கொல்லைல வத்துன கெணறு இருக்கு. அதுல விட்டா ஊத்தும் ஏறும்."

இன்ஜினியர் அரைமனதோடு ஒத்துக்கொண்டார். "எம் பொறுப்பு இல்லம்மா. தண்ணி வந்தா என்னையக் கேக்கக் கூடாது" என்று இரண்டு முறை சொன்னார்.

கிளம்பும் முன் பாண்டிக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். கடைக்கு மாற்றிய மின் இணைப்பு, சொத்துவரி, எல்லாவற்றுக்கும் யாராவது கையெழுத்துப் போட வேண்டுமே. அதே அலுவலகம், அதே பத்திர எழுத்தர். வெளியே மரத்தடியில் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்துவிட்டுத் தம்பி சொன்னான்.

"அன்னைக்கு எனக்கு எழுதிக் குடுத்தப்ப ஒரு வார்த்த கேக்கலையே அக்கா நீங்க. எனக்கு ஒரு ரூமு மட்டும் இருக்கட்டும்னு சொல்லிருந்தா, எழுதியே குடுத்துருப்பேன்."

"அன்னைக்கு எனக்குத் தெரியலடா. இங்க இருந்து போறது மட்டும்தான் தெரிஞ்சுச்சு."

"எனக்கும் தெரியல" என்றான். இருவரும் ஒரே பக்கம் பார்த்தபடி குடித்து முடித்தோம்.

7

புரட்டாசிக்குள் வேலை முடிந்தது. ஆஸ்பெஸ்டாஸை எடுத்துவிட்டு மஞ்சள் நிறத்தில் புதுக் கூரை. ஆறு மெஷின். சுவரை வெள்ளையடிக்கும்போது சிவப்பு வடிவங்களை மட்டும் விடச் சொன்னார் சரசு. கத்தரிக்கோலும் டேப்பும் மாட்ட ஆணி இருக்கிறதே என்றார். பென்சில் எழுத்து வெள்ளைக்குள் போய்விட்டது.  மூன்று சக்கர வண்டியின் சட்டத்தில் பலகை அடித்து, துணிக்கட்டு தள்ளப் பயன்படுத்துகிறார்களாம். தீபாவளிக்கு இன்னும் இரண்டு மெஷின் தேவைப்பட்டதாம்.

வானிலைச் செய்தி பார்ப்பது எனக்குப் புது வழக்கமாகிவிட்டது. இங்கே மைனஸ் பதினெட்டு. நான் பார்ப்பது காரைக்குடியின் மழையை. சிவகங்கை மாவட்டத்துக்குக் கனமழை என்று போன வாரம் வந்தது. இந்தக் குறிப்பை எழுத ஆரம்பித்து நான்காம் நாள், காலை ஐந்தரைக்கு எழுந்து போனைப் பார்த்தால் பாண்டியிடமிருந்து மூன்று தவறிய அழைப்புகள். திருப்பி அடித்தேன். அவன் எடுக்கவில்லை. சரசுவுக்கு அடித்தேன். அவரும் எடுக்கவில்லை.

முருகேசன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். யாழினியும் வந்தாள்.  "நான் சொல்லித்தானே தரைய உயர்த்தல" என்றாள். முழு வாக்கியமும் தமிழில்.  ஆறு மணிக்கு மறுபடி அடித்தேன். அங்கே மாலை ஐந்தரை.

சரசு எடுத்தார். பின்னால் மெஷின் ஓடும் சத்தம்.

"சொல்லுங்க."

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு. மத்தியானம் ரெண்டு மணிக்குத் தெரு பூராம் ஓடி வந்துச்சு. வாய்க்கால்ல விழுந்து குழிக்குப் போனத எல்லாரும் பாத்தோம். அந்நேரம் பாத்து கரண்ட் போயிருச்சு. மோட்டார் நின்னுருச்சு. குழி ரொம்பி மேல வந்துருச்சு. துணியெல்லாம் மேசை மேல ஏத்துனோம். கணுக்கால் அளவு தண்ணி. உங்க தம்பி எங்கெங்கயோ அலைஞ்சு ஒரு டீசல் பம்பு கொண்டாந்தாரு. ஒரு மணி நேரத்துல எறச்சுட்டோம். இப்ப கரண்ட் வந்துருச்சு, தைக்க ஒக்காந்துட்டோம்."

"துணி எதுவும் நனைஞ்சுருச்சா?"

"ரெண்டு கட்டு. துவைச்சா போயிரும்."

 மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா? "வேற எடம் பாக்கணுமா?" என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எதுக்கு?" அவர் குரலில் உண்மையான ஆச்சரியம். "தண்ணி வந்துச்சு, போயிருச்சு. நாங்க ஏன் போகணும்? ஆனா அந்தக் கிராதி பத்தாது. நாலு விரக்கடை அகலமாப் போடணும். கரண்ட் போனாலும் ஓடுற மாதிரி பேட்டரி மோட்டாரு ஒண்ணு வேணும். அடுத்த மழைக்குள்ள செஞ்சு குடுங்க. உங்க தம்பிட்டச் சொன்னா அக்காட்டக் கேளுங்கன்றாரு. நீங்கதான வீட்டுக்காரவுக."

"செஞ்சுர்றேன்."

"சரி, வைக்கிறேன். வேல கெடக்கு."

வைத்துவிட்டார். பதினாறு வருடமாக, குழாய் ஒழுகுகிறது, ஹீட்டர் ஓடவில்லை, ஜன்னல் மூடவில்லை என்று நான்தான் வீட்டுக்காரர்களுக்குப் போன் செய்திருக்கிறேன். அவர்கள் எப்போது எடுப்பார்கள், என்ன குரலில் பேசுவார்கள் என்று முன்கூட்டியே மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அடிப்பேன். சரசு அப்படி எதுவும் செய்திருக்க மாட்டார்.

"என்ன சொன்னாங்க?" என்றார் முருகேசன்.

"வீட்டுக்காரியத் திட்டுற மாதிரி திட்டுனாங்க" என்றேன். யாழினி ஏற்கெனவே பேட்டரி மோட்டார் தேட ஆரம்பித்திருந்தாள்.